ஏழு சுவிச் கிட்டார்

கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாக் கடைத்தெருவில் ரேடியோவும் கெசட் பிளேயரும் திருத்துகிற தாஸிமுக்குத் தன் கைவேலைமேல் இருந்த மோகம் ஊரறிந்த விஷயம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், அதில் குற்றமில்லை. ஆனால் தாஸிமின் குஞ்சை மற்றவர்களும் பொன் என்று சொல்லியாகவேண்டும். திருத்திய ரேடியோவை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசாமல் நடையைக் கட்டுகிற ஆட்களை அவருக்குப் பிடிக்காது. சத்தம் எப்படி என்று கேட்டு, நன்றாக இருக்கிறது என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆளை விடுவார். மற்றப்படி நல்ல மனுஷர். உதவி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியவரில்லை.

அவர் செய்தவற்றுக்குள் பெரிய பொன் குஞ்சு ராஜலிங்கத்தின் மின்சாரக் கிட்டார். ராஜலிங்கம் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். கண்டியில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மேன். சனி, ஞாயிறில் குணதிலக என்பவரின் இசைக்குழுவோடு கலியாண வீடுகளுக்குக் கிட்டார் வாசிக்கப் போவான். வயதில் தாஸிமைவிடப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இளையவன், நெடுநாள் பழக்கம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவன் அப்போது வேலைக்கு நின்ற கடையைக் கொளுத்தினார்கள். செய்தி கேட்ட தாஸிம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தெரிந்த ஒருவர் வீட்டின் கோழிக் கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைத் தன் தொழுகைத் தொப்பியைத் தலையில் மாட்டி ஏற்றிவந்து, ஊர் அடங்கும்வரை வீட்டில் வைத்திருந்தார். யாரிடமும் கேட்கவில்லை, யோசிக்கவுமில்லை. அந்த நாட்களில் வெளியே போகமுடியாமல் அறைக்குள் கிடந்தவன், அங்கே கிடந்த பழைய கிட்டாரைத் தட்டிப் பழகினான். கை அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிறகு அவன் பெரிய வாசிப்புக்காரனானதும், நம் கையால் அவனுக்கென்று ஒரு கிட்டார் இருக்கட்டும் என்று தாஸிம் தாமே செய்யத் தொடங்கினார். உடம்பு, வைரம் பாய்ந்த பலா. பழைய வீடொன்றை இடித்தபோது கிடைத்த கதவு நிலை. நரம்பின் அதிர்வைப் பிடித்துச் சத்தமாக அனுப்புகிற காந்தச் சுருளைப் பிக்கப் என்பார்கள். சாதாரணக் கிட்டாரில் இரண்டு இருந்தால் தாராளம். தாஸிம் மூன்று வைத்தார். எந்தப் பிக்கப் பேசவேண்டும் என்று தெரிந்தெடுக்க ஒரு சுவிச் போதும். தாஸிம் ஏழு வைத்தார். மூன்று, பிக்கப்புகளைத் தனித்தனியே போடவும் நிறுத்தவும். இரண்டு, ஒன்றோடொன்றைத் தலைகீழாகக் கோக்க. ஒன்று சத்தத்தைத் தடிப்பாக்க. ஏழாவது எதற்கென்று கேட்டால் அன்றைக்குப் பூராவும் விளக்கம் சொல்வார். இவை போதாதென்று உள்ளே ஒரு சின்னச் சர்க்கியூட்டும் வைத்து, அதற்கு உயிர் கொடுக்க ஒரு சதுரப் பெட்டரியும் வைத்தார். சத்தம் நீண்ட வயரில் ஓடும்போது களைத்துப்போகாமல் தள்ளிவிடுவது அதன் வேலை. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்பது அவருடைய வாதம்.

ராஜலிங்கத்துக்கு அது வரமும் சாபமுமாக இருந்தது. பாட்டின் நடுவில் விரல் தவறி ஒரு சுவிச்சில் பட்டால் சத்தம் பொசுக்கென்று செத்துவிடும். விமானம் ஓட்டுகிறாயா என்று டிரம்ஸ்காரன் கேலி செய்வான். நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற தாஸிமிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். பழகினால் எல்லாம் சரியாகும் என்றார் நானா. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான்.

தொண்ணூற்றெட்டு தை மாதக் கடைசியில் கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கிற மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கண்டிக்குள் வருகிற ஒவ்வொரு ரோட்டிலும் செக்பொயின்ட் முளைத்தது. ஐடென்டி காட் என்கிற அடையாள அட்டையில் தமிழ் எழுத்தைக் கண்டவுடன் ஆமிக்காரர்களின் முகம் மாறும். அதோடு தோட்டத்து விலாசமும் சேர்ந்தால் கேள்விக்கு முடிவே இல்லை. மாத்தளைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போன அன்று, குழுவின் வேனை மறித்துச் சாமான்களை இறக்கச் சொன்னார்கள். கிட்டாரின் பின்தட்டைக் கழற்றிப் பார்த்த ஆமிப் பையன் இரண்டடி பின்னுக்குப் பாய்ந்தான். ஏழு சுவிச், கொத்துக் கொத்தாக வயர், நடுவில் பெட்டரி. அந்தக் காலத்தில் அவர்களுக்குக் குண்டு என்று காட்டிப் பழக்கியிருந்த படம் அப்படியே இதுதான். எல்லோரையும் ரோட்டோரத்தில் முழங்காலில் நிற்கவைத்தார்கள். மேலதிகாரி வந்து, வேனுக்குள்ளிருந்த அம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டி ராஜலிங்கத்தை ஒரு பைலாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். மாப்பிள்ளை பெண் பொருவை என்கிற மணமேடையிலிருந்து இறங்கிச் சாப்பாடும் முடிந்த பிறகு குழு போய்ச் சேர்ந்தது.

குணதிலக கெட்டவரில்லை. ஆனால் அவர் வேனில் வந்த மற்ற நான்கு பேருக்கும் குடும்பம் இருந்தது. இந்தப் பெட்டியோடு இனி வரவேண்டாம், சாதாரணக் கிட்டாராக மாற்றிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கவேண்டி வரும் என்று நேராகவே சொல்லிவிட்டார். ராஜலிங்கம் அடுத்த நாளே கெலிஓயாவுக்கு ஓடிவந்தான்.

"எல்லாத்தையும் கழட்டிருங்க நானா," என்றான். "ஒரே ஒரு சுவிச்சு இருந்தாப் போதும். பெட்டரி வேணவே வேணாம். தெறந்து காட்டுனா உள்ள ஒன்னும் இருக்கக்கூடாது."

தாஸிமுக்கு நெஞ்சில் குத்தினாற்போல இருந்தது. ஆனாலும் நிலைமை விளங்காத ஆளில்லை. தலையாட்டி வாங்கி வைத்தார். அடுத்த நாள் சோல்டரிங் அயனைச் சுடவைத்து ஏழு சுவிச்சையும் கழற்றினார். நடுப் பிக்கப்பையும் எடுத்தார். இருந்த இரண்டுக்கும் ஒரே ஒரு சுவிச் வைத்து, ஓட்டைகளை மறைக்கக் கறுப்பு பிளாஸ்டிக்கில் புது முன்தட்டு வெட்டிப் போட்டார். அதுவரையில் வேலை சுத்தமாகத்தான் நடந்தது. பிறகு பெட்டரி இல்லாமல் அம்ப்பில் மாட்டி ஒருமுறை தட்டிப் பார்த்தார். அங்கேதான் சைத்தான் குந்தியிருந்தான்.

சத்தம் தடிமன் பிடித்த குரல் மாதிரி மந்தமாக வந்தது. அம்ப்பில் ஒரு குமிழைத் திருகினால் தீர்ந்துபோகிற குறைதான். அது தாஸிமுக்குத் தெரியாததல்ல. ஆனால் கலியாண வீட்டில் நாலு பேர் இதைக் கேட்டு, தாஸிம் செய்த கிட்டார் இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டால்? அந்த நினைப்பைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. முன்தட்டுக்குக் கீழே பிக்கப்பின் ஓரமாக மரத்தைக் குடைந்தார். சர்க்கியூட்டையும் பெட்டரியையும் ஆடிச் சத்தம் போடாமலிருக்க ஸ்பொஞ்சில் பொதிந்து, கறுப்பு டேப்பைச் சுற்றி, அந்தக் குழிக்குள் அமுக்கிவைத்து மூடினார். வயரை மாட்டினால்தான் பெட்டரி வேலை செய்யும். பின்தட்டைத் திறந்து பார்க்கிறவன் கண்ணுக்கு நாலு வயரைத் தவிர ஒன்றும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அவர் திருப்தியோடு தேத்தண்ணி குடித்தார்.

எடுக்க வந்த ராஜலிங்கம் வாசித்துப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனான். "பெட்டரி இல்லாமலே இப்படிப் பேசுதே நானா. இது எப்படிங்க?" என்று கேட்டான்.

இல்லை தம்பி, உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை அந்தப் புகழ்ச்சி அடைத்துவிட்டது. "கைவேல ஈக்கிதானே," என்று கைவேலைப் பெருமையை மட்டும் சொல்லிச் சிரித்தார். சொல்லலாம், இன்னொரு நாள் சொல்லலாம், பெட்டரி தீர்ந்து அவன் வரும்போது சொல்லலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

சில கலியாணங்கள் நல்லபடியாகவே நடந்தன. செக்பொயின்டில் ராஜலிங்கம் அவர்கள் கேட்கும் முன்பே கிட்டாரை இறக்கி, தானே திருகாணியைக் கழற்றிப் பின்தட்டைத் திறந்து காட்டுவான். இதில் பெட்டரி கிடையாது சேர், எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று சிங்களத்தில் சொல்லவும் பழகியிருந்தான். எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். குணதிலகவும் வாயை மூடிக்கொண்டார். கெலிஓயாப் பக்கம் வரும்போதெல்லாம் ராஜலிங்கம் கடைக்கு வந்து, நானாவின் புண்ணியத்தில் தொழில் தப்பியது என்று சொல்வான். தாஸிம் அதையும் கேட்டுக்கொண்டார்.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில் அது நடந்தது. மறுநாள் காலையில் குணதிலகவே கடைக்கு வந்து சொன்னார். அன்றைக்குச் செக்பொயின்டில் நின்ற அதிகாரி இளம் பிள்ளை, தானும் கிட்டார் தட்டுகிறவன். ராஜலிங்கம் வழக்கம்போலத் திறந்து காட்டி, பெட்டரி இல்லை என்றான். அந்த அதிகாரியின் கண், முறுக்கிய சிவப்பு வயரும் கறுப்பு வயரும் முன்பக்கத்து ஓட்டைக்குள் போவதைக் கண்டுவிட்டது. பெட்டரி இல்லாத கிட்டாருக்கு இது எதற்கு என்று கேட்டான். ராஜலிங்கமும் குனிந்து அந்த வயரைப் பார்த்தான். முன்தட்டைக் கிளப்பினார்கள். ஸ்பொஞ்சில் பொதிந்து கறுப்பு டேப் சுற்றிய பொட்டலம் வெளியே வந்தது. பெட்டரி இருந்ததுகூடப் பெரிதில்லை, இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு ஒளித்துவைத்ததுதான் பெரிதாகிப்போனது. அவனை அடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கிட்டாரில் யார் வேலை செய்தது என்று கேட்டார்களாம். ராஜலிங்கம் வாயைத் திறக்கவில்லை, நானும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்றார் குணதிலக. சொல்லிவிட்டுத் தாஸிமின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து தாஸிமுக்குச் சோறு இறங்கவில்லை. போய் உண்மையைச் சொன்னால் லிங்கத்தை விட்டுவிடுவார்கள் என்று ஒரு மனம் சொன்னது. கடை முழுவதும் வயரும் பெட்டரியுமாக வைத்திருக்கிற உன்னையும் சேர்த்து உள்ளே போடுவார்கள் என்று மற்ற மனம் சொன்னது. வீட்டில் மனைவி ரஹீமா இரண்டாவது மனத்தின் பக்கம் நின்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, மூன்று குமர்ப் பெண்கள் வீட்டில். கொஞ்சம் பொறுங்கள், யாராவது பெரிய மனிதரைப் பிடித்துப் பேசுவோம் என்றாள். தாஸிம் இரண்டு பெரிய மனிதர்களைப் போய்ப் பார்த்தார். இருவரும் நாட்டு நிலைமையைப் பற்றிப் பேசி அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை ராஜலிங்கத்தின் மனைவி தவமணி கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். பொலிஸ் நிலையத்து வாசலில் நின்று நின்று முகம் கறுத்துப்போயிருந்தது. உள்ளே விடவில்லையாம். சோற்றுப் பார்சலைக்கூட வாங்கவில்லையாம். அவர் பெட்டரியைக் கழற்றியாயிற்று என்றுதானே வீட்டிலும் சொன்னார், பிறகு எங்கிருந்து வந்தது நானா என்று கேட்டாள். அவள் அவரைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர் என்று நம்பிக் கேட்டாள். அதுதான் தாஸிமைக் கொன்றது. விசாரித்துப் பார்க்கிறேன் மகள், பயப்படாதீர்கள் என்று சொல்லி, குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எதை விசாரிப்பது, யாரிடம் விசாரிப்பது?

வியாழக்கிழமை காலையில் முடிவுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் வந்துவிட்டார். ரஹீமா பின்னால் வந்து நின்றாள். போவதென்றால் போங்கள், தடுக்கவில்லை, ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுது அல்லாஹ்விடம் துஆக் கேட்டுவிட்டு அந்த பரக்கத்தோடு போங்கள் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவன் வெள்ளிக்கிழமை தொழுகையை முடித்துக்கொண்டு புறப்படுவது அவர்கள் வீட்டில் வழக்கமும்தான். ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கிய வேகம் இருக்கிறதே, அதைப் பின்னாளில் நினைத்து நினைத்து அவர் வெட்கப்பட்டார். எண்பத்து மூன்றில் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது எந்தத் தொழுகைக்காகவும் காத்திருக்கவில்லை. அப்போது வெளியே நின்றது வெறும் கூட்டம். இப்போது தன்னுடைய சொந்தக் குற்றம் நின்றது.

வெள்ளிக்கிழமை தொழுதார். கை ஏந்தி அழுதார். நேரே பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். நிறைய நேரம் வாங்குப் பலகையில் உட்காரவைத்த பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டார். தாஸிம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அந்தப் பெட்டரியை வைத்தது நான் மாத்தயா, அவனுக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் நன்றாக இருக்கவேண்டும் என்று அவனுக்கே தெரியாமல் வைத்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வைத்தது தான்தான் என்று அவனே ஒத்துக்கொண்டுவிட்டான்," என்றார். "இப்போது நீ வந்து நான் வைத்தேன் என்கிறாய். அப்படியானால் இரண்டு பேரும் கூட்டு. உன்னையும் உள்ளே போடவா, அல்லது வீட்டுக்குப் போகிறாயா?"

தாஸிம் வாசலைப் பார்த்தார். வீட்டுக்குப் போகிறேன் மாத்தயா என்றார். ரோட்டுக்கு வந்தபோது காலெல்லாம் இலேசாக இருந்தது. அவன் ஒத்துக்கொண்டுவிட்டான், இனி நான் என்ன செய்ய என்று உள்ளே ஏதோ ஒன்று ஆறுதல் சொன்னது. ஐந்தாறு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு பசித்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் ஏறி இரண்டு ரொட்டியும் கறியும் சாப்பிட்டார். அந்த ரொட்டி ருசியாக இருந்ததை அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான் என்று பிற்காலத்தில் அவர் நம்பினார்.

ராஜலிங்கம் வெளியே வர மாரிகாலம் வந்துவிட்டது. தோட்டத்துத் தொழிற்சங்கம் பிடித்துக் கொடுத்த வக்கீல் ஒருவர் ஓடித் திரிந்து, குற்றப்பத்திரிகை இல்லாமலே விடுவித்தார். புடவைக் கடையில் அவன் இடத்தில் வேறு ஆள். குணதிலகவின் குழுவிலும் வேறு ஆள். தெல்தோட்டையில் மாமனார் வீட்டில் இருக்கிறான் என்று தாஸிம் கேள்விப்பட்டார். நாளைக்குப் போய்ப் பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். கடைசியில் அவனே வந்தான்.

உரப் பையொன்றில் கிட்டாரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மெலிந்திருந்தான். இடது கையின் சுண்டுவிரல் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டாரின் வயர்களையெல்லாம் யாரோ குறட்டால் கத்தரித்திருந்தார்கள். முன்தட்டு போன இடம் தெரியவில்லை. குடைந்த குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"தோட்டத்துக் கோயில்ல பஜனைக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க," என்றான். "ஒரு பிக்கப்ப நேரா வெளிய இழுத்து விட்டுருங்க நானா. சுவிச்சே வேணாம்."

தாஸிம் அயனைச் சுடவைத்தார். பிக்கப்பிலிருந்து வருகிற இரண்டு வயரையும் சீவி, வயர் மாட்டுகிற துவாரத்தின் இரண்டு காலிலும் ஈயம் வைத்து ஒட்டினார். அவ்வளவுதான் வேலை. அவனுக்கு வாங்கி வைத்த தேத்தண்ணியில் ஆவி இன்னும் அடங்கவில்லை. அம்ப்பில் மாட்டிக் கொடுத்தார். ராஜலிங்கம் தட்டிப் பார்த்தான். சத்தம் மந்தமாக வந்தது. எட்டிக் குமிழொன்றைக் கொஞ்சம் திருகினான். சத்தம் தெளிந்துவிட்டது. மூன்று விரலால் அவன் வாசித்த அந்த நாலு வரியைக் கேட்டுக்கொண்டு தாஸிம் நின்றார். எந்தக் கலியாண வீட்டிலும் எவனும் குறை சொல்லியிருக்கமாட்டான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் ராஜலிங்கம்.

அவர் பல மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது, தன் பக்கத்து நியாயம் மட்டும்தான்.

"நான் பொலிஸுக்கு வந்த தான் லிங்கம். உண்மையச் சொல்லத்தான் வந்த. அவங்க என்னைய வெளிய போகச் சொல்லிட்டாங்க."

கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தவனின் கை நின்றது.

"எப்ப வந்தீங்க?"

"வெள்ளிக்கிழம. ஜும்மா முடிஞ்ச கையோட."

ராஜலிங்கம் பையின் வாயைச் சுற்றிக் கட்டினான். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"தட்டக் கெளப்புனப்பவே யாரு வச்சதுன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு நானா. நீங்க வந்து சொல்லிருவீங்கன்னுதான் இருந்தேன். வியாழக்கிழம சாயந்தரம் வரைக்கும் தெரியாது, தெரியாதுன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல தாங்க முடியல. நாந்தான் வச்சேன்னு சொல்லிட்டேன்."

தாஸிமுக்கு வியாழக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. "மாப்புச் செய்யுங்க தம்பி," என்றார்.

"பஸ்ஸு போயிரும் நானா," என்று சொல்லிவிட்டு அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

தேத்தண்ணி அப்படியே இருந்தது. தாஸிம் கடை வாசலுக்கு வந்தார். ரோட்டின் அந்தப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அவன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். அவர் கூப்பிடவில்லை. அவன் இந்தப் பக்கம் திரும்பவுமில்லை. பஸ் வர நிறைய நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் இருவரும் அப்படியே நின்றார்கள்.